மிக்ஸிங் மேசை: 612 கிளிப்பும் ஒரு மலை ரயிலும்

செங்கோட்டையில் கல்யாண வீடியோ எடுத்து, மிக்ஸிங் (எடிட்டிங்) பண்ணி, கேசட்டிலும் சி.டி.யிலும் பிறகு பென் டிரைவிலும் போட்டுக் கொடுத்தே முப்பது வருஷம் ஓட்டியவன் நான். பாதி முகூர்த்தம் கேரள எல்லையில் இருக்கும் ஆரியங்காவுக்கு இந்தப் பக்கம், மீதி அந்தப் பக்கம். இந்த மாதம் வந்த கடிதங்களில் கல்யாணமே இல்லை. குடும்பத்தோடு ஊர் சுற்றிய வீடியோ போனில் குவிந்து கிடக்கிறது, அதைப் படமாக்க என்ன வாங்கணும் என்பதுதான் எல்லோருக்கும் கவலை. ஆகவே இந்த முறை மாப்பிள்ளை அழைப்புக்கு லீவு.

அண்ணாச்சி, சாரல் ஆரம்பித்ததும் செங்கோட்டையில் ஏறி, கொல்லம் வரை குடும்பமாக ரயிலில் போய்வந்தோம். மகன், மருமகள், நான் என்று மூன்று போனிலும் சேர்த்து 612 கிளிப். வீட்டில் இருப்பது பழைய லேப்டாப்: ஐந்தாம் தலைமுறை ஐ3, 4 ஜி.பி. ரேம். கிளிப்பை ஓடவிட்டாலே திக்கித் திக்கி ஓடுகிறது. கேமிங் லேப்டாப் வாங்கினால்தான் நடக்கும் என்கிறான் பேரன். எந்த சாஃப்ட்வேர், எந்த மெஷின்?
— ஓய்வுபெற்ற தபால் ஊழியர், புளியரை

பேரனுக்குக் கேமிங் லேப்டாப் வேண்டும். அது எனக்கு நன்றாகப் புரிகிறது. உங்களுக்கு வேண்டுமா என்பதை மட்டும் பார்ப்போம்.

ஏன் திக்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சம். இப்போதைய போன்கள் பல எச்.265 என்ற முறையில் பதிவு செய்கின்றன. 2013-ல் வந்த இது, 2003-ல் வந்த எச்.264 எடுக்கும் இடத்தில் ஏறக்குறைய பாதியிலேயே அதே தரத்தைக் கொடுக்கும். இடத்தை எப்படி மிச்சம் பிடிக்கிறது? எல்லா ஃப்ரேமையும், அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப் படத்தையும், முழுசாக எழுதுவதில்லை. ஒன்றை முழுசாக எழுதிவிட்டு, பக்கத்தில் உள்ளவற்றுக்கெல்லாம் ‘அதிலிருந்து இது மட்டும் மாறியது’ என்று குறித்துக்கொண்டு போகும். மளிகைக் கடைப் பற்று நோட்டில் ‘நேற்றைய பாக்கியோடு 40’ என்று மட்டும் எழுதிக்கொண்டே போனால், இன்றைக்கு மொத்தம் எவ்வளவு என்று அறியப் பின்பக்கமாகப் புரட்டிக்கொண்டே போகணும் இல்லையா, அந்தக் கதைதான். நேராகப் பார்த்துக்கொண்டு போனால் சமாளிக்கும். மிக்ஸிங்கில் நாம் நடுவில் தொடுவோம், பின்னால் இழுப்போம், வெட்டுவோம். ஒவ்வொரு தடவையும் அது பழைய பக்கத்துக்கு ஓடி ஓடி வரணும்.

இந்தக் கணக்கைச் செய்யத் தனிச் சுற்று (சர்க்யூட்) சில புராசஸரிலேயே உண்டு. எச்.265-ஐ முழுசாக விரிக்கும் சுற்று இன்டெல்லில் 2015-ல் வந்த ஆறாம் தலைமுறையில் இருந்துதான். நிறத்தை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 10 பிட் பதிவு என்றால் ஏழாம் தலைமுறை வேண்டும். உங்களுடையது ஐந்து. ஒரு படியில் தவறிவிட்டது, பாவம்.

அதனால் தூக்கிப் போட வேண்டாம். இரண்டு வேலை செய்யுங்கள்.

ஒன்று, உள்ளே இருக்கும் சுழலும் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, சுழலாத எஸ்.எஸ்.டி. டிஸ்க் போடச் சொல்லுங்கள். பழைய லேப்டாப் டிஸ்க் விநாடிக்கு நூறு எம்.பி. படிப்பதே பெரிய காரியம்; சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. ஐந்நூறைத் தாண்டும். ரேமை 8 ஜி.பி. ஆக்குங்கள். சில மாடலில் ரேம் போர்டோடு ஒட்டியிருக்கும், ஏற்ற முடியாது. கடைக்காரர் திறந்து பார்த்துச் சொன்னபிறகு காசைக் கொடுங்கள்.

இரண்டாவது, சாஃப்ட்வேர். ஷாட்கட் என்று ஒன்று இருக்கிறது. இலவசம், வாட்டர்மார்க் கிடையாது. எச்.டி.க்கு 8 ஜி.பி. ரேம், 4கே-க்கு 16 ஜி.பி. வேண்டும் என்று அதைச் செய்தவர்களே சொல்கிறார்கள். உங்களிடம் 16 இல்லை. அதற்குத்தான் பிராக்ஸி என்ற வசதி. செட்டிங்ஸில் அதைப் போட்டுவிட்டால், ஒவ்வொரு கிளிப்புக்கும் 540 வரி உயரத்தில், லேசாக ஓடும்படி ஒரு நகல் செய்துகொள்ளும். நீங்கள் வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் அந்த நகலில். கடைசியில் எக்ஸ்போர்ட் கொடுக்கும்போது அதுவே அசலை எடுத்துக்கொள்ளும். நகல் செய்ய நேரம் பிடிக்கும். ராத்திரி போட்டுவிட்டுப் படுங்கள். கேடென்லைவ் என்ற இன்னொரு இலவச சாஃப்ட்வேரிலும் இதே வசதி உண்டு. இரண்டில் எது என்று என்னைப் பட்டிமன்றம் வைக்கச் சொல்லாதீர்கள். ஒன்றை எடுத்து ஒரு மாதம் அதிலேயே உட்காருங்கள்.

டாவின்சி ரிசால்வ் நல்லதாமே என்று கேட்பீர்கள். நல்லதுதான். சினிமாவுக்கு வண்ணம் திருத்த உண்டான கருவி அது. 2009-ல் பிளாக்மேஜிக் என்ற ஆஸ்திரேலிய நிறுவனம் வாங்கியது. இன்று அதன் இலவசப் பதிப்பிலேயே 4கே அளவு வரைக்கும் அவுட் எடுக்கலாம். என் பையன் இப்போது கல்யாண வேலை முழுக்க அதில்தான் செய்கிறான். ஆனால் 16 ஜி.பி. ரேமும் தனி கிராபிக்ஸ் கார்டும் இல்லாமல் அதைத் திறந்தால், மாட்டு வண்டியில் டிராக்டர் இன்ஜினை ஏற்றின கதையாகிவிடும்.

இன்னொரு விஷயம். உங்கள் லேப்டாப்பில் விண்டோஸ் 10 இருக்கும். அதற்கு மைக்ரோசாஃப்ட் தரும் பராமரிப்பு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏறுவது எட்டாம் தலைமுறையில் இருந்துதான். எனவே அந்த மெஷினை மிக்ஸிங்குக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுங்கள். பேங்க் வேலையை அதில் பார்க்காதீர்கள்.

பென்ஷன் அரியர் ஏதாவது வந்து, புதுசே வாங்குகிறேன் என்றால் நான் பார்க்கும் வரிசை இது: 16 ஜி.பி. ரேம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., அதன்பிறகு திரை, கடைசியில்தான் கிராபிக்ஸ் கார்டு. திரையை ஏன் முன்னால் வைக்கிறேன் என்றால், விலை குறைந்த லேப்டாப்புகளில் ‘45 சதவீதம் என்.டி.எஸ்.சி.’ என்ற வெளிறின பேனலைப் போட்டுவிடுகிறார்கள். கேமிங் லேப்டாப்பிலும் உண்டு. அதில் தென்மலைக் காடு சாம்பல் பூத்த மாதிரித் தெரியும். நீங்கள் பச்சையை ஏற்றுவீர்கள், இன்னும் ஏற்றுவீர்கள். வீட்டு டி.வி.யில் போட்டால் காடு முழுக்க பெயின்ட் அடித்த மாதிரி கண்ணைக் கூசும். ஐ.பி.எஸ். பேனலா, ‘100 சதவீதம் எஸ்.ஆர்.ஜி.பி.’யா என்று கேட்டு வாங்குங்கள்.

இத்தனையும் செய்தாலும் 612 கிளிப் 612-தான். கிளிப்புக்கு 20 விநாடி என்றே வைப்போம். மூணு மணி இருபத்துநாலு நிமிஷம் வருகிறது. 4கே என்றால் நிமிஷத்துக்கு 360 எம்.பி. வீதம் 73 ஜி.பி. போல. இதை அப்படியே டைம்லைனில் (சாஃப்ட்வேரில் கிளிப்பை வரிசையாக அடுக்கும் இடம்) கொட்டினால் எந்த மெஷினும் அழும், உங்கள் வீட்டம்மாவும் அழுவார். கொட்டாதீர்கள். முதலில் சாதாரண வி.எல்.சி. பிளேயரில் ஒவ்வொன்றாக ஓடவிட்டு, தேறுவதை மட்டும் தனி ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். தொண்ணூறு தேறினால் அதிகம். அதில் ஒவ்வொன்றிலும் நாலு முதல் ஆறு விநாடி. எட்டு நிமிஷப் படம் வரும். எட்டு நிமிஷம் போதுமா என்று கேட்கக் கூடாது. கல்யாணத்துக்கு மூன்று மணி நேர டி.வி.டி. கொடுத்தவன் சொல்கிறேன், அதை முழுசாகப் பார்த்த மாப்பிள்ளையை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஒரு குறை வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கழுதுருட்டிப் பதிமூன்று கண் பாலம் உங்கள் கிளிப்பில் இருக்காது. அதன் மேலேயே போனவருக்கு அது எப்படித் தெரியும்? பக்கத்திலேயே கொல்லம் ரோடு போகிறது. ஒரு நாள் பஸ்ஸில் போய், கீழே நின்று, ரயில் வரும் நேரம் பார்த்து ஒரே ஒரு கிளிப் எடுத்து வாருங்கள். 1904-ல் மீட்டர் கேஜ் ரயில் ஓட ஆரம்பித்த பாதை. 2010-ல் நிறுத்தி அகலப் பாதையாக்கி 2018-ல் திரும்பத் திறந்தார்கள். அந்த எட்டு வருஷமும் பாலம் ரயிலைப் பார்க்காமல் நின்றது. அந்த ஒரு கிளிப் இல்லாமல் உங்கள் படம் நிறைவடையாது.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரே இல்லை. போனிலேயே செய்ய முடியுமா?
— ஒரு வாசகி, கூடலூர் (தேனி மாவட்டம்)

முடியும். வி.என்., கைன்மாஸ்டர் இரண்டும் போனில் ஓடும். கைன்மாஸ்டரில் பணம் கட்டாவிட்டால் மூலையில் முத்திரை விழும்; வி.என்.-இல் படத்தின் மேல் விழாது. ஐந்து நிமிஷத்துக்குள் முடிகிற படத்துக்குப் போன் தாராளம். அதற்கு மேல் போனால் விரல் நுனியில் வெட்டுப் புள்ளி பிடிபடாது, போனும் தோசைக்கல் மாதிரிச் சூடாகும்.

கூட வந்த சொந்தக்காரர்களிடம் கிளிப் வாங்கும்போது மட்டும் கவனம். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது நசுக்கித்தான் அனுப்பும். ‘டாகுமென்ட்’ என்று கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள், 2 ஜி.பி. வரை அசல் அப்படியே வரும். குமுளி சித்தி எடுத்த தேக்கடிப் படகுக் காட்சி உங்கள் படத்தில் மட்டும் கஞ்சித் தண்ணி மாதிரித் தெரிந்தால் தப்பு சித்தி மேல் இல்லை.

அண்ணா, ‘கொல்லங்கோடு’ என்று டைட்டில் போட்டால் கொம்பு ஒரு பக்கம், ‘க’ ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறுகிறது. மலையாளத்தில் அடித்தாலும் அப்படியே. சாஃப்ட்வேருக்கு நம்ம பாஷை ஆகாதா?
— கல்லூரி மாணவர், கொழிஞ்சாம்பாறை

இரண்டு பாஷைக்கும் சமமாகத் துரோகம் செய்கிறதே, அந்த மட்டுக்கும் நேர்மைதான்.

யூனிகோடில் ‘கொ’ என்பது ககரமும் ஒகரக் குறியும்தான். கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் வைப்பது திரையில் எழுத்தை வரையும் பகுதியின் வேலை. அந்தப் பகுதி சரியில்லாத சாஃப்ட்வேரில் எந்த ஃபான்ட் போட்டாலும் சிதறும். ஃபான்டை மாற்றி மாற்றிப் பார்த்து ராத்திரியைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பிரீமியர் என்ற மிக்ஸிங் சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்கள் பிரிஃபரன்ஸில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய், எழுத்து இயந்திரத்தைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றினால் சரியாகும். கேடென்லைவில் தமிழ் ஒழுங்காகவே வரும்.

எதுவும் ஆகவில்லையா, ஸ்டூடியோக்காரர்களின் பழைய வழி இருக்கிறது. கிம்ப் அல்லது இங்க்ஸ்கேப் என்ற பட சாஃப்ட்வேரில் டைட்டிலை அடித்து, பின்புலம் இல்லாத பி.என்.ஜி. படமாகச் சேமித்து, டைம்லைனில் மேல் வரிசையில் வையுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற ஃபான்ட் இலவசமாகக் கிடைக்கிறது, டி.வி.யில் தூரத்திலிருந்தும் படிக்க முடிகிறது. பொடி எழுத்து வேண்டாம். பொன்னிறத்தில் சுழன்றுகொண்டு வரும் எழுத்தும் வேண்டாம். அந்தப் பாவத்தை உங்கள் பங்குக்கும் சேர்த்து நான் செய்து முடித்துவிட்டேன்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தில் அப்பா நடந்துகொண்டே ஒரே மூச்சாக 18 நிமிஷம் பழைய கதை சொன்னார். போனில் பார்த்தால் சரியாக இருக்கிறது. மிக்ஸிங்கில் போட்டால் போகப் போக வாய் முன்னால், சத்தம் பின்னால். ஏன்?
— ஆசிரியை, களியக்காவிளை

கேமரா விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் 25-ஐ ஒழுங்காக எடுக்கும். போன் அப்படியில்லை. வெளிச்சம் குறைந்தால், சூடு ஏறினால், 30 என்று சொல்லிவிட்டு 29, 27 என்று தன் இஷ்டத்துக்கு எடுக்கும். போனின் பிளேயருக்கு அந்தக் கணக்கு தெரியும். மிக்ஸிங் சாஃப்ட்வேர் பல நேரம் ஒரே சீராக இருக்கிறது என்று நம்பி வரிசை வைக்கும், சத்தம் நழுவும். சின்ன கிளிப்பில் தெரியாது, 18 நிமிஷத்தில் நன்றாகவே தெரியும்.

ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாஃப்ட்வேரில் அந்தக் கிளிப்பைப் போட்டு, ஃப்ரேம் ரேட் 30, ‘கான்ஸ்டன்ட்’ என்று கொடுத்து மாற்றிக்கொண்டு, அதை மிக்ஸிங்குக்கு எடுங்கள். அசலை அழிக்காதீர்கள்.

வீட்டுக்குள் எடுத்ததில் டியூப் லைட் வெளிச்சம் அலை அலையாக ஓடுகிறதா? நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். போனில் புரோ மோடு இருந்தால் ஷட்டரை 1/50 வைத்து எடுத்துப் பாருங்கள், நின்றுவிடும்.

படம் முடித்துப் பென் டிரைவில் ஏற்றப் போனால் இடம் இல்லை என்கிறது. 32 ஜி.பி. டிரைவ், காலியாக இருக்கிறது. படம் 5 ஜி.பி.தான்.
— சித்தூர் மாவட்டம், நகரி

டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். அதில் ஒரே ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்டக் கூடாது. எக்ஸ்ஃபேட்டாக மாற்றுங்கள். டி.வி. பழசாக இருந்து எக்ஸ்ஃபேட்டைப் படிக்காவிட்டால், 1080-இல், விநாடிக்கு 12 மெகாபிட் வீதம் திரும்ப அவுட் எடுங்கள். 40 நிமிஷப் படம் 4 ஜி.பி.க்குள் அடங்கும்.

2003 முதல் 2007 வரை ராமேஸ்வரம், வேளாங்கண்ணி, பழனி எல்லாம் எடுத்த மினி டி.வி. (டிஜிட்டல் வீடியோ) கேசட் 14 இருக்கிறது. கேமராவும் இருக்கிறது. கேசட்டில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. வீட்டிலேயே கம்ப்யூட்டரில் ஏற்ற முடியுமா?
— எஸ்டேட் ஊழியர், மூணாறு

தயவுசெய்து இந்தப் பக்கத்தைப் படித்து முடிக்கும்வரை கேசட்டைக் கேமராவில் போடாதீர்கள்.

அந்த வெள்ளை, பூஞ்சணம். உங்கள் ஊர் ஈரத்துக்கு அது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். நான் ஒருமுறை அவசரத்தில் இப்படி ஒரு கேசட்டை டெக்கில் போட்டேன். பூஞ்சணம் ஹெட்டில் ஒட்டியது. அது தெரியாமல் அடுத்து ஒரு கல்யாணக் கேசட்டைப் போட்டேன். தாலி கட்டும் இடத்தில் பாதித் திரைக்குக் கட்டம் கட்டமாகச் சிதறல். அந்த வீட்டாருக்கு நான் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர்கள் வாங்கிக்கொள்ளவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது.

முதலில் கேசட்டுகளைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு சில வாரம் வையுங்கள். அரிசியில் புதைக்கச் சொல்வார்கள். வேண்டாம், அரிசித் தூசு உள்ளே போகும். காய்ந்தபிறகு புள்ளி இல்லாத கேசட்டுகளை மட்டும் பிரித்து, அவற்றை முதலில் ஏற்றி முடியுங்கள். புள்ளி உள்ளவற்றை, சுத்தம் செய்யும் தனி மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். காசு ஆகும்தான். ஓடுகிற ஒரே கேமராவைப் பறிகொடுப்பதைவிட அது மலிவு.

ஏற்ற வேண்டியது ஃபயர்வயர் என்ற கேபிள் வழியாக. சோனி கேமராவில் ஐ.லிங்க் என்று எழுதியிருக்கும். யு.எஸ்.பி. ஓட்டை இருக்கிறதே என்று அதில் செருகாதீர்கள். பல கேமராவில் அது ஃபோட்டோ எடுக்க மட்டும். புது லேப்டாப்பில் ஃபயர்வயர் கிடையாது. டெஸ்க்டாப் இருந்தால் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் கார்டு ஒன்று போடலாம், இல்லாவிட்டால் அந்தக் காலத்து லேப்டாப் யாரிடமாவது தூங்கிக்கொண்டிருக்கும், கேட்டு வாங்குங்கள். விண்டோஸில் வின்டிவி என்ற குட்டி சாஃப்ட்வேர் போதும். ஒரு மணி நேரக் கேசட் ஏறவும் ஒரு மணி நேரம், பிடிக்கும் இடம் 13 ஜி.பி. 14 கேசட்டுக்கு 182 ஜி.பி.

சந்தோஷமான செய்தி ஒன்று. இந்த மினி டி.வி. கேசட் முறையில் ஒவ்வொரு ஃப்ரேமும் முழுசாக எழுதப்பட்டிருக்கும். புளியரைக்காரருக்கு நான் சொன்ன பற்று நோட்டுத் தொல்லை இதில் இல்லை. எந்தக் கிழட்டு மெஷினிலும் வெண்ணெய் மாதிரி வெட்டலாம். படம் சதுரத்துக்குக் கிட்ட இருக்கும், அகல டி.வி.யை நிரப்புகிறேன் என்று இழுக்காதீர்கள், பழனிப் படியேறும் சித்தப்பா ஒரே நாளில் இருபது கிலோ கூடிவிடுவார். இரு பக்கமும் கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும்.

ஏற்றி முடித்ததும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகல், அதில் ஒன்று வேறு வீட்டில், முடிந்தால் மலைக்குக் கீழே. 2011-ல் நாங்கள் வர்க்கலா போன படம் ஒரே டிஸ்கில் இருந்தது. இருந்தது.

பின்னணிக்குச் சினிமாப் பாட்டு போடலாமா?
— பகவதிபுரம்

வீட்டில் போட்டுப் பார்க்கும்வரை யாரும் கேட்கப் போவதில்லை. யூடியூபில் ஏற்றினால் அதன் கண்டுபிடிக்கும் கருவி பாட்டைப் பிடித்துவிடும். வருமானம் உரிமையாளருக்குப் போகும், அல்லது சத்தத்தை அணைக்கும், சில நேரம் படமே தெரியாது. யூடியூபே ஆடியோ லைப்ரரி என்று இலவச இசை வைத்திருக்கிறது.

ஆனால் ரயில் வழியில் உட்கார்ந்துகொண்டு பாட்டைத் தேடுகிறீர்களே. செங்கோட்டை பிளாட்பாரத்தில் ‘டீ, டீ’ என்று கேட்கும் குரல் புனலூரில் ‘சாயா, சாயா’ ஆகிவிடுகிறது. ஆரியங்காவு குகைக்குள் போனதும் பெட்டியில் உள்ள பிள்ளைகள் எல்லாம் கூச்சல் போடும். போனை ஆட்டாமல் மடியில் வைத்து ஒரு நிமிஷம் சத்தத்தை மட்டும் பிடியுங்கள். மிக்ஸிங்கில் குகைச் சத்தத்தை, குகைப் படம் வருவதற்கு இரண்டு விநாடி முன்னாலேயே ஆரம்பித்துவிடுங்கள். ஜன்னலில் இன்னும் தென்னை ஓடிக்கொண்டிருக்கும்போதே பிள்ளைகள் கத்த ஆரம்பிப்பார்கள்.